பால் நிறக் கயிறும் கண்ணாடிக் கயிறும்

மகளே, இதை யாருக்கும் காட்டாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். உன் அத்தாவுக்கு வேண்டாம். என் அம்மா அப்போதும் உயிரோடு இருந்தால் அவளுக்கும் வேண்டாம். முக்கியமாக, என்னிடம் கொண்டுவந்து நீட்டி "இத நீதான் எழுதுனியாம்மா?" என்று கேட்காதே. அந்த வயதில் நான் எப்படிப்பட்டவளாக இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. இல்லை என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. படித்து முடித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. ஆனால் முழுவதும் படி.

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கே பதினேழு வயதுதான், பிளஸ் டூ படிக்கிறேன். உன் பெயர் என்னவென்றுகூட நான் யோசித்ததில்லை. இன்று மத்தியானம் அம்மாதான் உன்னை இழுத்துக்கொண்டு வந்தாள். "நாளைக்கு உனக்கொரு பொண்ணு பொறந்து, அது உன் புருசன ஊர் முன்னாடி காட்டிக் குடுத்தா அப்பத் தெரியும்டி உனக்கு" என்றாள். அப்போதிலிருந்து நீ என் எதிரே உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது. அம்மா உன்னைத் தனக்குச் சாட்சியாகக் கூப்பிட்டாள். நீ இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுப் பேசுவதுதான் நியாயம்.

உன் தாத்தா, அதாவது என் அத்தா, கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுத மனம் வராமல் போகலாம். கூனிமேட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுப் பிளாஸ்டிக் கயிறு செய்கிறார். மூட்டையில் வரும் பிளாஸ்டிக் குருணையை மெஷின் உருக்கி இழை இழையாகத் தள்ளும். இழை தண்ணீர்த் தொட்டிக்குள் ஓடி ஆறும், பிறகு சூட்டில் இழுபட்டு மெலிந்து உருளையில் சுற்றிக்கொள்ளும். அதை முறுக்கினால் கயிறு. பக்கத்து மீனவர் குப்பத்துப் படகுகளில் பாதிக்கு மேல் எங்கள் கயிறுதான். கயிற்றுக்கு வருவதற்கு முன்னால் அத்தா மரக்காணத்து உப்பளங்களில் உப்பு வாங்கி விற்றவர். ஒரு பிடி உப்பை அள்ளி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். கல் உள்ளே தெளிவாக இருந்தால் முதல் தரம். கலங்கல் தெரிந்தால் சேறு கலந்தது, விலை குறை என்பார். அந்தப் பழக்கம் அவர் கையை விட்டுப் போகவே இல்லை. சர்க்கரை வாங்கினாலும் வெளிச்சத்தில் பிடிப்பார், தேன் வாங்கினாலும் பிடிப்பார். எனக்குப் பார்த்திருக்கும் மஸ்கட் மாப்பிள்ளையின் போட்டோவைக்கூட ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். "போட்டோவயும் உப்பு மாதிரி பாக்குறீங்களே" என்று அம்மா சிரித்தாள். அந்தப் போட்டோவில் இருப்பவர்தான், எல்லாம் நடந்தபடி நடந்தால், உன் அத்தா.

சுனாமிக்குப் பிறகு குப்பத்துக்குப் புதிதாக ஃபைபர் போட்டுகள் வந்தன. போட்டுகளைக் கொடுத்தவர்கள் கயிறு கொடுக்கவில்லை. எல்லோரும் அத்தாவிடம் வந்தார்கள். குருணை கிடைப்பது சிரமமாக இருந்தது. அப்போது மெட்ராஸிலிருந்து ஒரு வியாபாரி வேறு மூட்டைகள் கொண்டுவந்து இறக்கினான். அத்தா ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பிடித்ததை நான் பார்த்தேன். பழைய குருணை பால் போல வெள்ளையாக இருக்கும். இது கண்ணாடி மணி போல இருந்தது.

"இது கோபாலிமர் பாய், ஃபாரின் மால்" என்றான் வியாபாரி.

"அப்படின்னா?"

"அதெல்லாம் எனக்கெங்க தெரியும். பாத்தாலே தெரியல? எவ்ளோ சுத்தம்!"

அத்தாவுக்கு அது போதும். சுத்தமாக இருந்தது, தெளிவாக இருந்தது. முதல் சுருள் வந்த அன்று என்னைக் கூப்பிட்டு, "பாரும்மா, கல்லுப்பு மாதிரி இருக்குது" என்று காட்டினார். எனக்கும் அது அழகாகத்தான் தெரிந்தது. கையில் பட்டால் உறுத்தவில்லை. பழைய கயிறு உள்ளங்கையை அறுக்கும், இது பட்டு நூல் போல நழுவியது. கொட்டகையில் கயிறு சுற்றும் அஞ்சலையக்காதான் முதலில் கேட்டாள். "பாய், இந்தச் சுருள நான் எடுத்துக்கறேன். எங்க ஊட்டுக்காரருக்குக் கையெல்லாம் வெடிச்சிக் கெடக்குது."

"ஏன், ஊட்டுக்காரர் கைய நீ புடிக்கிறப்ப குத்துதா?" என்று அத்தா கேலி செய்தார்.

"ஆமா, இந்த வயசுல கையப் புடிச்சிக்கினு பீச்சுல நடக்கறோம், போங்க பாய்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். அவள் நல்ல சுருளாகப் பார்த்துத்தான் எடுத்தாள். அதிகம் தெளிவாக இருந்ததை எடுத்தாள்.

இந்த ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை அவள் புருசன் முருகையனும், அவளுடைய தம்பி ஏழுமலையும் போட்டில் போனார்கள். வலை போட்டுவிட்டு நங்கூரம் இறக்கிக் காத்திருந்தபோது காற்று திரும்பியது. நங்கூரக் கயிறு போட்டைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது என்றான் ஏழுமலை. ஆனால் போட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப் பக்கம், அலை உடைகிற இடத்துக்கு, நகர்ந்துகொண்டே இருந்ததாம். பிறகு பிடிப்பு ஒரேயடியாக விட்டுப்போனது. போட்டு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. ஏழுமலை நீந்தி வந்தான். முருகையனைக் கடல் மறுநாள்தான் கொடுத்தது. நங்கூரத்தில் முடிச்சுப் போட்டவன் ஏழுமலை. நங்கூரமும் முடிச்சும் கடலுக்கு அடியில் கிடக்கின்றன, யாரும் போய்ப் பார்க்க முடியாது. ஆகவே முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். கயிறு புதுசு, பாய் கொடுத்த கயிறு. அது எப்படி அறும்? அஞ்சலையக்கா மாரில் அடித்துக்கொண்டு, "தாலி கட்டுனவனக் கொண்டுபோய்த் தண்ணில உட்டுட்டு வந்துட்டியேடா, ஒரு முடிச்சுப் போடத் தெரியலையாடா உனக்கு" என்று கூடப்பிறந்தவனைப் பார்த்துக் கத்தியதை நான் ஜனங்களுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. அவனுக்கு இருபது வயதுதான் இருக்கும்.

கவிழ்ந்த போட்டோடு ஒரு துண்டுக் கயிறு கரைக்கு வந்திருந்தது. அத்தா "நான் பாத்துட்டுத் தர்றேன்" என்று அதை வாங்கிவந்து கொட்டகையில் வைத்தார். அதன் நுனி எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. கயிறு அறுந்தால் நுனி பிய்ந்து பூப்போல விரிந்திருக்கும். முடிச்சு அவிழ்ந்தால் கடைசி முனை அப்படியே முழுசாக இருக்கும். இது இரண்டும் இல்லை. வாயிலிருந்து இழுத்த பபிள்கம் போல, போகப்போக மெலிந்து தலைமுடியாக முடிந்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் ஒரு முழம் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டேன். ஏன் செய்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சரிடம், எதற்கென்று சொல்லாமல், கோபாலிமர் என்றால் என்னவென்று கேட்டேன். "என்னடி, பரீட்சைக்கு வர்றத விட்டுட்டு உங்க அத்தா ஃபேக்டரிக்கு என்கிட்ட டியூஷனா?" என்று டீச்சர் கேட்டதற்கு வகுப்பே சிரித்தது. எனக்கு வேர்த்துவிட்டது. ஆனால் அவர் நல்லவர், சாப்பாட்டு நேரத்தில் உட்கார வைத்துச் சொன்னார். நான் புரிந்துகொண்டதை உனக்குச் சொல்கிறேன். நீ கெமிஸ்ட்ரி படிக்காவிட்டாலும் இது புரியும்.

பிளாஸ்டிக் என்பது மிக மிக நீளமான சங்கிலிகள். பழைய குருணையில் சங்கிலி முழுவதும் ஒரே மாதிரிக் கண்ணிகள். நேராக, வழவழவென்று இருக்கும். உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது அவை மடிந்து, பக்கத்தில் பக்கத்தில் நெருங்கிப் படுத்து, குட்டிக் குட்டிப் படிகங்களாக இறுகும். சீவிய ஈர்க்குச்சிகளை அள்ளினால் துடைப்பமாக இறுக்கிக் கட்டலாம் அல்லவா, அது போல. கோபாலிமரில் சங்கிலியின் நடுவே ஆங்காங்கே வேறொரு கண்ணியைச் சேர்த்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் ஒரு கிளை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வேலிக்காத்தான் சுள்ளிகளை எவ்வளவு அழுத்தினாலும் கட்டு இறுகாது, முள்ளும் கிளையும் தடுக்கும். அப்படித்தான் கிளை வந்த இடத்தில் படிகம் நின்றுபோகிறது. கிளைகள் அதிகமானால் படிகம் குறைவு. படிகம் குறைந்தால் பிளாஸ்டிக் மெத்தென்று வளையும், கண்ணாடியாகத் தெளியும். பை செய்ய, உறை செய்ய அதுதான் வேண்டுமாம். அது கெட்ட பொருள் இல்லை, கயிற்றுக்கு ஆகாத பொருள். சங்கிலிகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்காமல் பிடித்துக்கொண்டிருப்பவை அந்தப் படிகங்கள்தான். அவை போதாவிட்டால் பாரம் தொங்கத் தொங்கச் சங்கிலிகள் சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டே இருக்கும்.

"அப்போ பால் மாதிரி இருக்கறது அழுக்கு இல்லையா டீச்சர்?" என்று கேட்டேன்.

"அழுக்கா? அதாண்டி படிகம். படிகமும் படிகம் ஆகாத பகுதியும் மாறி மாறிக் கெடக்குதுல்ல, வெளிச்சம் அங்கங்க சிதறுது. அதான் வெள்ளையாத் தெரியுது."

உப்பில் கல் முழுவதும் ஒரே படிகம், வெளிச்சம் நேராகப் போகும். அதனால் தெளிவு நல்லது. இந்தப் பிளாஸ்டிக்கில் கலங்கல்தான் பலம். அத்தா வெயிலில் பிடித்துப் பார்த்தது சரிதான். உப்பைப் பார்க்கிற கண்ணால் பார்த்துவிட்டார். இந்தக் கரையில் பிறக்காத ஒருவர் அந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

வீட்டின் பின்கட்டில் சாமான் அறை இருக்கிறது. அங்கே கொக்கியில் பழைய கயிற்றின் இழை ஒன்றையும் புதுக் கயிற்றின் இழை ஒன்றையும் சம உயரத்தில் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு செங்கல்லைத் தொங்கவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தபோது பழைய இழையின் செங்கல் இருந்த இடத்தில் இருந்தது. மற்றது தரையில் உட்கார்ந்திருந்தது. இழை அறவில்லை, நீண்டிருந்தது. ஏழுமலை சொன்னதேதான். போட்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருந்தது.

அத்தாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் குனிந்து அந்த இழையைத் தொட்டார். வெகுநேரம் தொட்டுக்கொண்டே இருந்தார்.

"தெரிஞ்சா செஞ்சேன்?" என்றார்.

"இல்லத்தா. தெரியாமதான். ஆனா இப்ப தெரிஞ்சிடுச்சில்ல?"

அவர் எழுந்து கொட்டகைக்குப் போனார். அன்றே ஆரம்பித்தார். குப்பத்துக்குப் போய், "மழைக்காலம், கயிறு எல்லாம் மாத்திக் குடுக்கறேன், எனக்கொண்ணும் வேணாம்" என்று சொல்லி, எங்கெங்கோ அலைந்து வாங்கிவந்த பால் நிறக் குருணையில் புதுக் கயிறு செய்து, ஒரு போட்டுகூட விடாமல் மாற்றினார். ராப்பகலாக மெஷின் ஓடியது. திரும்பி வந்த கண்ணாடிக் கயிறுகளைத் துண்டு துண்டாக வெட்டி மெஷினில் போட்டு உருக்கிவிட்டார். முருகையனின் துண்டும் அதில்தான் போனது. உருகிவிட்டால் எந்தக் கயிறு எந்தப் படகில் இருந்தது என்று பிளாஸ்டிக்கைக் கேட்டாலும் தெரியாது. அந்தக் கட்டிகளை அவர் எங்கே கொண்டுபோனார் என்று எனக்கும் தெரியாது. குப்பத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? "பாய் மாதிரி மனுசன் உண்டா? ஒரு உசுரு போனதுக்கு இன்னா மாதிரி பதறிப் போயிட்டாரு பாரு. இந்தப் பையன் போட்ட முடிச்சுக்கு அவரு கயிறு தர்றாரு." வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வந்தவர்களும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்களாம். அன்று இரவு அத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

இனி யாருக்கும் ஆபத்து இல்லை. அதுதான் அத்தாவின் வாதம். "செத்தவன் வரப்போறதில்ல. இனிமே எவனும் சாகப்போறதும் இல்ல. நான் செய்ய வேண்டியதச் செஞ்சிட்டேம்மா" என்கிறார். நானும் அதை ஒப்புக்கொண்டு தூங்கிவிடத்தான் பார்த்தேன். மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள். போன வாரம் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது ஏழுமலையைப் பார்த்தேன். ஐஸ் கடைக்குப் பக்கத்தில் சவுக்குக் கட்டையின் மேல் உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் ஒரு கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டான். இழுத்துப் பார்த்தான். அவிழ்த்தான். திரும்பவும் போட்டான். பக்கத்தில் இருந்த ஒருவர், "டேய், இப்பப் பழகி இன்னாடா ஆவப்போவுது?" என்றார். அவன் தலை தூக்கவில்லை. அந்த முடிச்சு ஒருமுறைகூட நழுவவில்லை, நான் நின்று பார்த்தேன். அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆனாலும் அவன் நம்பவில்லை. தன் கைதான் மச்சானைக் கொன்றது என்று அவனே நம்பிவிட்டான். அவன் அம்மா அவனைத் தனியாக விடுவதில்லை, கொல்லைக்குப் போனாலும் பின்னாலேயே போகிறாள் என்று சொல்கிறார்கள்.

நாளைக் காலையில் குப்பத்துப் பஞ்சாயத்து கூடுகிறது. இனி அவன் எந்தப் போட்டிலும் ஏறக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லப்போகிறார்கள். கடலுக்குப் போகாவிட்டால் அவன் என்ன செய்வான்? அத்தாவையும் மரியாதைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுவிட்டு வரப்போகிறார்.

அத்தாவும் வர வேண்டும், செங்கல்லையும் இழைகளையும் அங்கே தொங்கவிட்டுக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நான் போய்க் காட்டுவேன் என்று இன்று மத்தியானம் சொன்னேன். அப்போதுதான் அம்மா உன்னைக் கூப்பிட்டாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள். "மஸ்கட்டுக்காரங்க காதுல போச்சுன்னா இந்தச் சம்பந்தம் நிக்குமா? உசுரக் குடிச்ச கயிறு வித்த வீடுன்னு சொல்லமாட்டாங்க? பொம்பளப் புள்ள ஆம்பளைங்க கூட்டத்துல போய் நின்னு பெத்தவனச் சொன்னான்னு தெரிஞ்சா எவன் வருவான் உனக்கு?"

அவள் சொன்னது பொய் இல்லை, மகளே. அதனால்தான் இவ்வளவு பயப்படுகிறேன். நாளைக்கு நான் பேசினால் அந்தப் போட்டோ திரும்பிப் போய்விடும். அவர் வேறு வீட்டில் பெண் எடுப்பார். நீ அங்கே வேறு யாருக்கோ பிறப்பாய், அல்லது பிறக்கவே மாட்டாய். நான் யாருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேனோ அவளையே இல்லாமல் செய்யப்போகிறேனா என்று நினைக்கும்போது பேனா நகர மறுக்கிறது. பேசாமல் இருந்தால் நீ நிச்சயமாகப் பிறப்பாய். நன்றாக இருப்போம். நீ வளர்ந்து என்னிடம் கடற்கரையில் முடிச்சுப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கும் அந்த ஆள் யாரம்மா என்று கேட்பாய். அவன் அதற்குள் இல்லாமல் போயிருந்தால் அதையும் கேட்க மாட்டாய்.

பெற்றவள் என்றால் புத்தி சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். எதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நல்லது என்று எடுத்துக்கொள்ளாதே. வழவழவென்று கைக்கு இதமாக இருப்பதாலும் எடுத்துக்கொள்ளாதே. பாரம் கட்டித் தொங்கவிடு, காத்திரு. மனிதர்களையும் அப்படித்தான். என்னையும் அப்படித்தான். உனக்குப் பிடித்தவர் ஒருவர் தெரியாமல் தவறு செய்தால், தெரிந்த பிறகு அவர் என்ன செய்கிறார் என்று பார். அத்தா கயிறுகளை மாற்றினார், அதை நான் மறக்க மாட்டேன். ஏழுமலை மேல் விழுந்த பழியை மாற்றவில்லை.

இப்போது என் அறையில்தான் இருக்கிறேன். மின்விசிறி மாட்டாத கொக்கியிலிருந்து சணல் கயிறு இரண்டைத் தழையவிட்டு, அவற்றின் நுனியில் இரண்டு இழைகளையும் திரும்பக் கட்டியிருக்கிறேன். கண்ணாடி இழை நான் மறைத்துவைத்த ஒரு முழத்திலிருந்து பிரித்தது. உலகத்தில் மிச்சமிருக்கும் கண்ணாடிக் கயிறு அந்த ஒரு முழம்தான். நாளைக்குக் கொண்டுபோக இன்னும் சில இழைகள் தலையணைக்குள் இருக்கின்றன. எனக்கே சந்தேகம் வந்துவிடக்கூடாது என்று இன்னொரு முறை பார்க்கிறேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பால் நிற இழையின் செங்கல் ஆடாமல் நிற்கிறது. மற்றது நான் இதை எழுதத் தொடங்கியபோது என் முழங்கால் உயரத்தில் இருந்தது. இப்போது கணுக்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. இறங்குவதைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. தலை குனிந்து ஒரு பக்கம் எழுதிவிட்டு நிமிர்ந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

செங்கல் தரையைத் தொட்டுவிட்டது. சத்தம் சின்னதுதான். ஆனால் கூடத்தில் கோரைப்பாய் சரசரக்கிறது. யாரோ எழுந்து வருகிறார்கள். செருப்பில்லாத கால்.

கதவைத் தட்டுகிறார்கள். அத்தாதான். "ஏம்மா, முழிச்சிருக்கியா?" என்கிறார். அவரும் தூங்கவில்லை போலிருக்கிறது. மெழுகுவத்தியை ஊதி அணைக்கலாம், இழைகளை அறுத்து ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம், நேரம் இருக்கிறது. நான் அறுக்கப்போவதில்லை. தொங்கட்டும், உள்ளே வந்து பார்க்கட்டும். மறுபடியும் தட்டுகிறார், மகளே, நான் எழுந்து கதவை